படக்கொட்டகையும் பக்கத்து இருக்கையும்

ஒரு தமிழ்ப் படம் மும்பைக்கு வருமானால் அதற்குக் கிடைப்பவை சில அரங்குகளே. அவற்றிலும் பெரும்பாலும் நாளொன்றுக்கு ஓரிரு காட்சிகளே. அக்காட்சியைப் பிடிப்பதற்காக டோம்பிவிலியிலிருந்தும் முலுண்டிலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் குழந்தை குட்டிகளோடு மின்சார வண்டியேறி வருவதுண்டு. அண்மைக் காலமாக அக்குடும்பங்களில் பல, "எதற்கு இந்த அலைச்சல்? சில வாரம் பொறுத்தால் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாமே" என்று சொல்லத் தொடங்கிவிட்டன. காரணம் கேட்டால் முதலில் டிக்கெட் விலையைச் சொல்வார்கள். அடுத்து சோளப்பொரி விலையைச் சொல்வார்கள். இன்னும் சற்று நேரம் பேசிக்கொண்டிருந்தால் உண்மைக் காரணம் வெளிவரும். "பக்கத்து இருக்கைக்காரரோடு மூன்று மணி நேரம் மல்லுக்கட்ட முடியவில்லை, ஐயா" என்பதே அது.

இக்குறையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம், பட்டும் இருக்கிறோம். ஆகவே இம்மாதம் இதனைப் பற்றிச் சிறிது எழுதத் துணிந்தோம்.

முன்காலத்து மக்கள் அடக்கமாக இருந்தார்கள், இக்காலத்து இளைஞர்களே எல்லாவற்றையும் கெடுத்தார்கள் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அது உண்மையன்று. நம் நாட்டில் சலனப்படம் முதன்முதலாகக் காட்டப்பட்டது இதே நகரில், 1896-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் நாள், வாட்சன் ஓட்டலில். தென்னாட்டில் அதனை ஊர் ஊராகக் கொண்டு சென்றவர் சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சியில் தென்னிந்திய இரயில்வேயில் பணியாற்றிய அவர், 1905-இல் டுபான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியை விலைக்கு வாங்கிக்கொண்டு, உத்தியோகத்தை விட்டுவிட்டுக் கூடாரத்தோடு புறப்பட்டார். (நம் துறைக்காரர் ஒருவர் இப்படியொரு காரியம் செய்தார் என்பதில் நமக்குச் சிறிது பெருமை உண்டு. இரயில்வே உத்தியோகத்தை விட இன்று யாருக்குத் துணிவு வரும்?) அவர் காட்டியவை பேசாப் படங்கள். திரை பேசாதபோது கூட்டம் பேசினால் யாருக்கு நட்டம்? 1931-இல் 'காளிதாஸ்' வந்து திரை தமிழ் பேசத் தொடங்கிய பிறகும் கூட்டம் வாயை மூடிக்கொள்ளவில்லை. தென் மாவட்டத்துக் கீற்றுக் கொட்டகைகளைப் பற்றி நம் பெற்றோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். தரை டிக்கெட்காரர் மணலைக் குவித்து மேடாக்கிக்கொண்டு அமர்வார். பின்னால் இருப்பவர் அதற்காகச் சண்டை பிடிப்பார். முறுக்குக் கூடை குறுக்கே போகும். படச்சுருள் மாற்றுவதற்காக விளக்கைப் போட்டால் ஊரே சேர்ந்து கூவும். பீடிப் புகையினூடே கதாநாயகியைக் கண்டு களித்த தலைமுறை அது. பொது இடங்களில் புகைபிடிப்பதற்கு 2008-ஆம் ஆண்டு அக்டோபர் 2 முதல் நாடெங்கும் உறுதியான தடை வந்தபின், அந்த ஒரு தொல்லையாவது கொட்டகையை விட்டொழிந்தது.

ஆகவே கொட்டகையில் சத்தமே கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளில் அரோரா அரங்கு பல ஆண்டுகள் தமிழ்ப் படங்களைத் திரையிட்டதை நம் வாசகர்கள் அறிவார்கள். ரஜினிகாந்த் படம் வெளியாகும் நாளில் அங்கே மேளமும் மாலையும் பாலாபிஷேகமுமாக ஒரு திருவிழாவே நடந்ததுண்டு. அன்றைக்கு எழுந்த விசில், வாரம் முழுவதும் வேற்று மொழியில் கணக்கெழுதியும், வேற்று மொழியில் காய்கறி வாங்கியும், வேற்று மொழியில் வசவு வாங்கியும் காலந்தள்ளும் ஒரு மனிதன் தன் மொழியில் வாய்விட்டுக் கத்திய கத்தல். அக்கத்தலில் அரங்கு முழுவதும் கலந்துகொண்டது. கலந்துகொள்ளாதவரும் சிரித்துக்கொண்டார். முதல் நாள் முதல் காட்சிக்குப் போய் அமைதியை எதிர்பார்ப்பவர் தைப்பூசத்தன்று பழனிக்குப் போய்த் தனிமையை எதிர்பார்ப்பவருக்கு ஒப்பாவார்.

நம்மை வருத்துவது வேறொன்று. எல்லாரும் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கையில் ஒருவர் மட்டும் வேறொன்றைப் பார்ப்பதும், அதனை மற்றவர்கள் கண்ணிலும் காதிலும் திணிப்பதுமே அது. செல்பேசி அதற்குப் பெருந்துணை செய்கிறது. திரையரங்கின் வெண்திரைக்கு உரிய ஒளியளவு 48 நிட் என்று தொழில்நுட்ப வல்லுநர்கள் வகுத்திருக்கிறார்கள். முழு வெளிச்சத்தில் வைக்கப்பட்ட ஒரு செல்பேசியோ 500 நிட்டுக்கும் மேல் ஒளிரும். அதாவது பத்து மடங்கு. நம் கண் இருளுக்கு முழுவதும் பழகுவதற்கு இருபது முப்பது நிமிடம் பிடிக்கும். கெடுவதற்கோ ஒரு நொடி போதும். "ஓசையில்லாமல்தானே பார்க்கிறேன்" என்று அவர் சொல்லும் சமாதானம், அவருக்குப் பின்வரிசையில் அமர்ந்திருப்பவர்களுக்கு எவ்வகையிலும் பயன்படாது. அந்தச் சிறு சதுரம் அவர்கள் பார்வையின் கீழ்ப்பாதியில் விளக்கு வைத்தாற்போல் எரிந்துகொண்டிருக்கும்.

சென்ற ஆண்டு ஓர் அரங்கில் நமக்கு முன்வரிசையில் ஓர் இளைஞர் இடைவேளைக்கு முன்பே ஐந்தாறு முறை செல்பேசியை உயர்த்திப் பிடித்துத் திரையைப் படமெடுத்தார். நம்மருகில் இருந்த பெரியவர், "தம்பி, மறைக்கிறது, சற்றுத் தாழ்த்திக்கொள்ளுங்கள்" என்றார். "ஸ்டேட்டஸுக்குத்தான் அங்கிள், இரண்டே நிமிஷம்" என்று பதில் வந்தது. பெரியவர் அதன்பின் ஒன்றும் பேசவில்லை. திருட்டுப் படி எடுக்கும் நோக்கத்தோடு அரங்கில் படத்தைப் பதிவு செய்வோருக்கு, 2023-இல் திருத்தப்பட்ட திரைப்படச் சட்டம் குறைந்தது மூன்று மாதச் சிறையும் மூன்று இலட்ச ரூபாய் அபராதமும் விதிக்கிறது. அத்தம்பி அந்த நோக்கம் உடையவர் அல்லர்; நல்ல வீட்டுப் பிள்ளை போலவே தோன்றினார். அப்படிப்பட்டவருக்கே அது தோன்றவில்லை என்பதுதான் நம் வியப்பு. கதாநாயகன் வரும் காட்சியைத் தாம் கண்ணாரக் காண்பதைவிட, தாம் கண்டதாக நண்பர்கள் அறிவது அவருக்கு முக்கியமாகப் பட்டது.

ஏனைய தொல்லைகளை விரிக்க வேண்டுவதில்லை. படம் தொடங்கிக் கால்மணி கழித்து வந்து வரிசை முழுவதையும் எழுப்புபவர், முன்னிருக்கையின் முதுகில் கால் வைப்பவர், முன்பே பார்த்துவிட்டு வந்து "இப்போது இவன் சாகப்போகிறான் பார்" என்று மனைவிக்குச் சொல்லும் தீர்க்கதரிசி ஆகிய இவர்களை எல்லாரும் அறிவர். கைக்குழந்தை அழுவதை மட்டும் நாம் இப்பட்டியலில் சேர்க்கமாட்டோம். ஊரில் என்றால் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பாட்டி இருப்பார், அத்தை இருப்பார். இங்கே ஓரறை வீட்டில் யாரிடம் விட்டுவிட்டு வருவது? ஆயினும் குழந்தை வீறிடும்போதெல்லாம் தாய் மட்டுமே எழுந்து வெளியே போவதும், தகப்பனார் திரையிலிருந்து கண்ணெடுக்காமல் வீற்றிருப்பதும் எந்த ஊர் நியாயம் என்பது நமக்கு விளங்கவில்லை.

கொட்டகைக்காரர்கள் இவற்றைக் கண்டிப்பதில்லை. கைவிளக்கோடு இடங்காட்ட வரும் பையன், காசு கொடுத்தவரை எப்படிக் கடிந்துகொள்வான்? "நானும் காசு கொடுத்துத்தானே வந்தேன்" என்ற ஒரு சொல்லுக்கு அங்கே மறுமொழி இல்லை. இரயில்வே எழுத்தராகிய நமக்கு இங்கே ஓர் ஒப்புமை தோன்றுகிறது. படுக்கை வண்டியில் டிக்கெட் வாங்கியவருக்குக் கிடைப்பது ஒரு படுக்கை. பெட்டி முழுவதும் அன்று. நடுப்படுக்கைக்காரர் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரையில்தான் அதை விரித்துக்கொள்ளலாம். மற்ற நேரத்தில் கீழே அமர்பவருக்குத் தலை நிமிர இடம் வேண்டும். இரவு பத்து மணிக்கு மேல் உரக்கப் பேசுவதும், காதுக்கருவியின்றிப் பாட்டுக் கேட்பதும் கூடாதென்று 2022-இல் இரயில்வே மறுபடியும் வற்புறுத்தியது. இவ்விதிகள் எல்லா வண்டியிலும் எல்லா இரவும் காக்கப்படுகின்றன என்று நாம் பொய் சொல்லமாட்டோம். ஆனால் சண்டை வந்தால் சுட்டிக்காட்ட ஒரு விதியும், அழைப்பதற்கு ஒரு டி.டி.இ.யும் உண்டு. கொட்டகையில் இரண்டும் இல்லை.

கூட்டத்தால் அடங்கியிருக்க முடியாது என்றும் சொல்வதற்கில்லை. இந்நகரத்து அரங்குகளில் படத்துக்கு முன் தேசிய கீதம் ஒலிக்கிறது. அந்த 52 விநாடியும் அரங்கு முழுவதும் எழுந்து நிற்கிறது. ஒரு செல்பேசி ஒளிர்வதில்லை. சோளப்பொரி நொறுங்கும் ஓசைகூடக் கேட்பதில்லை. 53-ஆவது விநாடியில் அத்தனையும் திரும்பி வந்துவிடுகின்றன.

இனி வீட்டுக்கு வருவோம். வீட்டில் அமைதியாகப் பார்க்கலாம் என்கிறார்களே, எந்த வீட்டில்? மும்பையில் தொலைக்காட்சி தொடங்கியது 1972-இல். அக்காலத்தில் பல சால்களில் ஒருவர் வீட்டுப் பெட்டிதான் மாடி முழுவதற்கும் பெட்டி. 1987 ஜனவரியில் தூர்தர்ஷன் இராமாயணத்தைத் தொடங்கியபோது ஞாயிறு காலையில் அவ்வீட்டுக்காரருக்கே உட்கார இடம் இராதாம். ஆக, வீட்டில் பார்ப்பதும் ஒரு காலத்தில் கூடிப் பார்ப்பதாகவே இருந்தது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் அரங்குகள் அடைபட்டன. அவ்வாண்டு மே மாதம் 'பொன்மகள் வந்தாள்' கொட்டகைக்கே போகாமல் இணையவழியில் வெளியாயிற்று. நவம்பரில் 'சூரரைப் போற்று' அவ்வாறே வந்தது. வெளியே செல்ல அஞ்சிய அந்நாளில் அவை எத்தனை வீடுகளுக்கு ஆறுதலாயின என்பதை நாம் மறக்கவில்லை. முழங்கால் வலியுள்ள முதியவர்களுக்கும், காது மந்தமானவர்களுக்கும் இன்றும் அது பெரும் வசதியே. நிறுத்திவிட்டு மாத்திரை போட்டுக்கொண்டு வந்து தொடரலாம்.

ஆனால் நம் குடியிருப்பில் ஒரு படம் வீட்டில் ஓடும் விதத்தை எண்ணிப் பாருங்கள். குக்கர் மூன்று முறை கூவும். பால்காரர் கணக்கு கேட்டு வருவார். மேல்வீட்டில் அம்மி நகரும். முதல் பாதியைச் சனிக்கிழமையும் மறுபாதியைப் புதன்கிழமையும் பார்த்துவிட்டுப் படம் சரியில்லை என்போம். அதற்குள் மகன் தன் செல்பேசியில் வேறொரு படத்தைக் காதுக்கருவியோடு பார்த்துக்கொண்டிருப்பான். கொட்டகையில் அயலார் செய்த அதே காரியத்தை வீட்டில் நம்மவர் செய்கிறார்கள், கேட்பதற்குத்தான் ஆளில்லை.

இவற்றினும் பெரிதாக நமக்குப் படுவது ஒன்றுண்டு. வீட்டுத் திரையில் மொழி மாற்றும் பொத்தான் இருக்கிறது. இங்கேயே பிறந்து வளர்ந்து இந்தியிலும் மராத்தியிலும் விளையாடும் நம் குழந்தைகள், தமிழ்ப் படத்தைப் போட்டவுடன் அப்பொத்தானைத் தேடுகிறார்கள். ஒரு நொடியில் மதுரைக்காரர் இந்தி பேசத் தொடங்கிவிடுகிறார். "அப்பா, இதுதான் சீக்கிரம் புரிகிறது" என்று பிள்ளை சொல்லும்போது கோபித்துக்கொள்ளவும் முடிவதில்லை. கொட்டகையில் அப்பொத்தான் இல்லை. இரண்டரை மணி நேரம் அந்தக் குழந்தை தமிழைக் கேட்டே ஆகவேண்டும். விளங்காத இடத்தில் அம்மாவின் காதருகே குனிந்து கேட்கும். நகைச்சுவைக்கு முந்நூறு பேர் ஒருசேரச் சிரிக்கும்போது, இம்மொழி தன் வீட்டுச் சமையலறைக்குள் மட்டும் வழங்குவது அன்று என்பது அதற்குத் தெரியவரும். நம் குழந்தைகளுக்கு அவ்வளவு தமிழர் கூடியிருக்கக் காணும் வாய்ப்பு ஆண்டுக்கு எத்தனை முறை வாய்க்கிறது? கோயில் திருவிழா ஒன்று, சங்கத்துப் பொங்கல் விழா ஒன்று. மற்றபடி இந்தக் கொட்டகைதான். குடும்பங்கள் வாராதொழிந்தால் கொட்டகைக்காரர் அந்த ஒரு காட்சியையும் வேறு படத்துக்குக் கொடுத்துவிடுவார். அவர் வியாபாரி; அவரைக் குறை சொல்வதில் பொருளில்லை.

ஆதலின் நம் சங்கம் ஒரு காரியம் செய்து பார்க்கலாம். நல்லதொரு குடும்பப் படம் வருகிறபோது ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சி ஒன்றினை மொத்தமாகப் பேசி எடுத்துக்கொள்ளலாம். டிக்கெட்டோடு ஒரு துண்டுச்சீட்டில் இரண்டு வரி அச்சிட்டுக் கொடுத்தால் போதும்: செல்பேசியை அணைத்து வைக்கவும், விளக்கு அணையும் முன் வந்து அமரவும். இளைஞர் அணியினர் இருவர் வாயிலருகே நின்று, ஒளி தெரியும் வரிசைக்குச் சென்று மெல்லச் சொல்லலாம். அயலார் சொன்னால் சண்டையாகிறது. நாளைக்குச் சங்கத்தில் முகம் பார்க்க வேண்டியவர் சொன்னால் எவரும் கேட்டுக்கொள்வர். விசிலுக்குத் தடை வேண்டுமா என்று ஒரு நண்பர் வினவினார். கதாநாயகன் தோன்றும்போது ஒன்று, சண்டைக்காட்சி முடிவில் ஒன்று என்று நாம் உச்சவரம்பு சொன்னோம்; அவர் மூன்று கேட்கிறார். படி ஏற முடியாத பெரியவர்களுக்கு வாயிலை அடுத்த வரிசையும், கைக்குழந்தை உள்ளவர்களுக்கு நடைபாதையை ஒட்டிய ஓர இருக்கைகளும் ஒதுக்கவேண்டும். அவ்விருக்கைகள் எட்டுப் போதுமா, பன்னிரண்டு வேண்டுமா என்பதை அவ்வீட்டார் வரும் மாதக் கூட்டத்துக்கு முன் சங்க அலுவலகத்தில் சொல்லிவைத்தால், கொட்டகைக்காரரிடம் பேசுவதற்கு வசதியாக இருக்கும்.