மருந்தடித்த மண்ணில் கீரை போடலாமா?



ஏனாத்தூரைச் சுற்றி நெல் விளைந்த நிலங்கள் மனைகளாகி வருகின்றன. வீடு கட்டியவர்கள் பின்புறத்தில் கீரை, கத்தரி போட விரும்புகிறார்கள். "பல வருடம் மருந்தடித்த மண்ணாயிற்றே, அதில் விளைவதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?" என்று தாய்மார்கள் நம்மிடம் கேட்கிறார்கள். அதற்காகவே இதை எழுதுகிறோம்.

பெரியவர்களுக்கு பி.எச்.சி. பவுடர் நினைவிருக்கும். மத்திய அரசு 1997-இல் அதைத் தடை செய்தது. ஆனால் அது தண்ணீரில் எளிதில் கரையாது. மண்ணோடு ஒட்டி வருடக்கணக்கில் கிடக்கும். உடலுக்குள் போனால் கொழுப்பில் சேரும்.

இதைச் சிதைக்கும் வழியையும் அல்லாஹ் மண்ணிலேயே வைத்திருக்கிறான். கரும்பின் வேரடி மண்ணிலிருந்து, பி.எச்.சி.யைச் சிதைக்கும் ஒரு பாக்டீரியாவைக் கட்டாக் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தார் பிரித்தெடுத்து 1990-இல் அறிவித்தார்கள். மருந்திலுள்ள குளோரினை அது கழற்றிவிட்டு, மிச்சத்தைத் தனக்கு உணவாக்கிக்கொள்கிறது. தில்லிப் பல்கலைக்கழகத்தின் ரூப் லால் குழுவினர் அந்த வகையைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். கரும்பாலைக் கழிவுப்பாகில் வளர்த்து, மக்காச்சோளச் சக்கைத் தூளில் கலந்து, மாசுபட்ட விவசாய நிலத்தில் போட்டுப் பார்த்தார்கள். 85 முதல் 95 சதவீதம் வரை மருந்து சிதைந்தது. இந்த முடிவு 2008-இல் வெளியானது.

ஆனால் போட்ட பாக்டீரியாவில் 8 நாளுக்குப் பிறகு அதிகபட்சம் 20 சதவீதமே உயிரோடு இருந்தது. எனவே ஒருமுறை தூவிவிட்டால் போதும் என்று எண்ணக் கூடாது. ஈயம், குரோமியம் போன்ற உலோகங்களை எந்தப் பாக்டீரியாவும் அழிக்காது. கடையில் விற்கும் அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா பாக்கெட்டுகள் பயிருக்குச் சத்து சேர்க்கத்தான். விஷத்தை நீக்க அவற்றை நம்ப வேண்டாம்.

நாம் செய்யக்கூடியவை:

முதலில், நிலத்தை விற்றவரிடம் கேளுங்கள். மருந்து கலக்கிய இடம், மூட்டை வைத்த கொட்டகை, டப்பா புதைத்த மூலை ஆகியவற்றில்தான் விஷம் அதிகம் தங்கும். அங்கே உண்ணும் எதையும் பயிரிடாதீர்கள். கோழி, ஆடுகளையும் மேய விடாதீர்கள்.

மற்ற இடங்களில் சருகை எரிக்காமல் மட்கவைத்து மண்ணில் சேர்த்து, ஈரம் காயாமல் பாருங்கள். மண்ணில் ஏற்கெனவே உள்ள நுண்ணுயிர்களுக்கு அதுவே தீனி. சந்தேகம் தீரும்வரை தொட்டியில் நல்ல மண் போட்டுக் கீரை வளர்க்கலாம்.

வழக்கமான மண் பரிசோதனை தழை, மணி, சாம்பல் சத்தைத்தான் சொல்லும். மருந்து எச்சத்துக்குத் தனிப் பரிசோதனை வேண்டும். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் அதற்கான ஆய்வகம் உள்ளது. மண் அனுப்ப விரும்புவோர் ஜும்ஆவுக்குப் பின் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வாருங்கள். பலர் சேர்ந்து அனுப்ப ஏற்பாடு செய்வோம், இன்ஷா அல்லாஹ்.

மிஞ்சிய மருந்தை மண்ணில் கொட்டாதீர்கள். காலி டப்பாவில் தண்ணீர் பிடிக்காதீர்கள். ஒரு நாளில் கொட்டியதைத் தின்று தீர்க்க நுண்ணுயிருக்குப் பல வருடம் ஆகும்.