குளிசையைப் பகிரவும் வேண்டாம், திடீரென நிறுத்தவும் வேண்டாம்

போர் 2009இல் முடிந்தாலும் அதன் காயங்கள் எமது பெண்களின் உடலிலும் மனதிலும் இன்னும் ஆறவில்லை. தலைக்காயத்தால் வலிப்பு வந்தவர்களையும், பயமும் படபடப்புமாய்த் தவிப்பவர்களையும் நான் பணிக்குச் செல்லும் கிராமங்களில் காண்கிறேன். இவ்விரண்டுக்கும் வைத்தியர்கள் எழுதும் மருந்துகளில் ஒன்று குளோனசெபாம். மூளை நரம்புகளின் அளவுமீறிய துடிப்பை அடக்குவதே இதன் வேலை.

"பக்கத்து வீட்டு அக்காவுக்கு நித்திரை இல்லை, இரண்டு குளிசை கொடுத்தேன்" என்பார் ஒருவர். "இப்போது சுகம், விட்டுவிட்டேன்" என்பார் இன்னொருவர். இரண்டுமே ஆபத்தானவை.

நீண்ட நாள் எடுத்தவரின் உடல் இம்மருந்துக்குப் பழகிவிடும். திடீரென நிறுத்தினால் நடுக்கமும் கடும் பதற்றமும் ஏற்படலாம். வலிப்பு விடாமல் தொடர்ந்தும் வரலாம். அடுப்படியிலோ கிணற்றடியிலோ அப்படி வந்தால் என்னவாகும்? பகிர்ந்து கொடுப்பவருக்கும் கிளினிக் நாளுக்கு முன்பே குளிசை தீர்ந்து இதே நிலைதான். நிறுத்த வேண்டுமாயின் வைத்தியரே சிறிது சிறிதாகக் குறைப்பார்.

வாங்கி விழுங்குபவருக்கு மூச்சு நோயோ ஈரல் நோயோ இருக்கலாம். டிரமடோல் போன்ற நோவு மருந்துகளுடனோ மதுசாரத்துடனோ இது சேர்ந்தால் மூச்சு அடங்கி உயிரே போகலாம்.

சகோதரிகளே, இவற்றை மனதில் வையுங்கள்:

• ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளை இரட்டிப்பாக எடுக்காதீர்கள்.

• தூக்கக் கலக்கம் இருந்தால் மோட்டார் சைக்கிள் ஓட்ட வேண்டாம். வயதானவர்கள் விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

• தடிமன், இருமல் மருந்து வாங்கும்போதும் கிளினிக் கொப்பியைக் காட்டுங்கள்.

• கருவுற்றிருந்தால், பாலூட்டினால் உடனே வைத்தியரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

• பிள்ளைகளுக்கு எட்டாதபடி பூட்டி வையுங்கள்.

• எவராவது அளவுக்கு மீறி விழுங்கினாலோ, வலிப்பு ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

• மனம் தாங்கமுடியாத வேளையில் 1926 இலக்கத்தில் தேசிய மனநல உதவிச் சேவையுடன் பேசலாம்.

வலிப்புக்கோ மனநோய்க்கோ மருந்து எடுப்பது வெட்கப்படும் காரியமல்ல. அயலில் ஒருத்தி நித்திரையின்றித் தவித்தால் உங்கள் குளிசையைக் கொடுக்காதீர்கள். அடுத்த கிளினிக் நாளில் அவளையும் கூட்டிச் செல்லுங்கள். அதுவே அவளுக்குச் செய்யும் உண்மையான உதவி.