சிசேரியனின்போது முதுகுத்தண்டு ஊசியால் இரத்த அழுத்தம் குறைவதைத் தடுத்தல்

ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி (2019–21), தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 பிரசவங்கள் சிசேரியன் அறுவை சிகிச்சை மூலம் நிகழ்கின்றன. கிண்டி, சைதாப்பேட்டைப் பகுதிகளிலிருந்து எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனைக்கோ, திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனைக்கோ இச்சிகிச்சைக்காகச் செல்லும் தாய்மார்களுள் பெரும்பாலோருக்கு முழு மயக்கம் தேவைப்படுவதில்லை. கீழ் முதுகில் செலுத்தப்படும் ஓர் ஊசியினால் மார்புக்குக் கீழ்ப்பகுதி மட்டும் மரத்துப்போகிறது. தாய் விழித்திருந்து குழந்தையின் முதல் அழுகையைக் கேட்கிறார். இது பாதுகாப்பான முறையே. எனினும், தடுப்பு ஏற்பாடு செய்யாவிடில், பாதிக்கும் மேற்பட்ட தாய்மார்களுக்கு ஊசி போட்ட சில நிமிடங்களில் இரத்த அழுத்தம் குறைகிறது.

இம்மருந்து வலி உணர்வைக் கடத்தும் நரம்புகளுடன், இரத்தக் குழாய்களை இறுக்கமாக வைத்திருக்கும் நரம்புகளையும் செயலிழக்கச் செய்கிறது. குழாய்கள் விரிந்து, இரத்தம் கால்களில் தேங்குகிறது. மல்லாந்து படுத்திருக்கையில் கருப்பையின் எடை வயிற்றின் பெருஞ்சிரையை அழுத்துவதால், இதயத்திற்குத் திரும்பும் இரத்தம் மேலும் குறைகிறது. தாய்க்குக் குமட்டல், கொட்டாவி, தலைசுற்றல் தோன்றும். நஞ்சுக்கொடியின் இரத்த ஓட்டம் தாயின் இரத்த அழுத்தத்தையே சார்ந்திருப்பதால், இந்நிலை நீடித்தால் குழந்தைக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் குறையும்.

முற்காலத்தில், ஊசிக்கு முன்பே பெருமளவு சலைன் ஏற்றினால் போதும் என்று கருதப்பட்டது. அவ்வாறு ஏற்றிய நீர் இரத்தக் குழாய்களில் நெடுநேரம் தங்குவதில்லை. எனவே இப்போது ஊசி போடும் வேளையிலேயே சலைன் விரைவாக ஏற்றப்படுகிறது. அதுவும் தனித்துப் போதாது. குழாய்களைச் சுருக்கும் மருந்தே முதன்மையான தடுப்பு. ஃபினைலெஃப்ரின் என்னும் மருந்தை, அழுத்தம் விழும்வரை காத்திராமல், ஊசி போட்டவுடனேயே சிறிது சிறிதாகச் செலுத்துவதை 2018இல் வெளியான பன்னாட்டு மருத்துவர்களின் பரிந்துரை முன்வைக்கிறது. நெடுங்காலம் பயன்பட்ட எஃபிட்ரின் நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையின் இரத்தத்தில் அமிலத்தன்மையைக் கூட்டக்கூடும் என்பதே இம்மாற்றத்திற்குக் காரணம். ஃபினைலெஃப்ரினால் நாடித்துடிப்பு குறையலாம் என்பதால், அதையும் மருத்துவர் இடைவிடாது கவனிப்பார். நம் நாட்டில் மெஃபென்டெர்மினும் பயன்பாட்டில் உள்ளது.

மேல் அளவை, அறுவைக்கு முன்பிருந்த அளவில் 90 விழுக்காட்டிற்குக் குறையாமல் வைத்திருப்பதே இலக்கு. முன்பு 120 இருந்தவருக்கு அது 108. எனவேதான் குழந்தை பிறக்கும்வரை கைப்பட்டை அடிக்கடி இறுகித் தளர்கிறது. அது கண்டு அஞ்ச வேண்டியதில்லை. கருப்பையின் அழுத்தத்தைத் தவிர்க்க, இடப்புறமாகச் சற்றே சாய்த்துப் படுக்கவைப்பதும் வழக்கம்.

குமட்டலோ கண் இருட்டலோ தோன்றினால் உடனே சொல்லுங்கள். கருவி அடுத்த அளவீட்டைக் காட்டுவதற்கு முன்பே உங்கள் சொல் மருத்துவரை எச்சரித்துவிடும். "தொந்தரவு செய்யக்கூடாது" என்று பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும் தாய்மார்கள் நம்மிடையே ஏராளம். அந்தப் பொறுமை இங்கு வேண்டாம்.

முன்னேற்பாட்டில் குடும்பத்தினருக்கும் பங்குண்டு. திட்டமிட்ட சிசேரியனுக்கு முந்தைய இரவு முதல் தண்ணீர்கூடத் தரக்கூடாது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. பொதுவாக, இட்லி போன்ற எளிய உணவை 6 மணி நேரத்திற்கு முன்பும், தண்ணீரை 2 மணி நேரத்திற்கு முன்பும் நிறுத்தினால் போதும். பால், மோர், கஞ்சி ஆகியவை தண்ணீர்க் கணக்கில் சேரா. தொண்டை வறளப் பட்டினி கிடந்த உடலில் அழுத்தம் எளிதில் விழும். எனினும், உங்கள் மருத்துவர் வேறு நேரம் கூறியிருந்தால் அதையே பின்பற்றவும்.

இதய நோய், இரத்த சோகை, உயர் இரத்த அழுத்தம், உட்கொள்ளும் மாத்திரைகள் ஆகியவற்றை மயக்கவியல் மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவித்து, கர்ப்பகாலப் பரிசோதனை அட்டையையும் காட்டவும். கர்ப்பகால உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அழுத்தம் பெரும்பாலும் குறைவாகவே விழுவதால், மருந்தின் அளவும் மாறும்.

அறுவை முடிந்தபின், கால்களில் உணர்வும் வலுவும் முழுமையாகத் திரும்பும்வரை எழ வேண்டாம். முதன்முறை எழும்போது சற்று நேரம் கட்டிலில் அமர்ந்திருந்து, செவிலியரின் துணையுடன் நிற்கவும்.