பயன்படுத்துதலும் படைத்தலும்

1981ஆம் ஆண்டு வெளிவந்த ‘பிபிசி மைக்ரோ’ என்னும் கணினியைப் பள்ளிகள் வாங்குவதற்கான செலவில் பாதியைப் பிரிட்டன் அரசே ஏற்றது. இயக்கியவுடன் அதன் திரை கட்டளைக்காகக் காத்து நிற்கும். எனவே, மாணவர் பலர் பேசிக் மொழியில் நிரல் எழுதப் பழகினர்.

பின்னாளில் பாடத்திட்டம் ஆவணம் தட்டச்சிடுதல், அட்டவணை நிரப்புதல் என்று சுருங்கியது. 2011இல் எடின்பரோவில் உரையாற்றிய கூகுள் நிறுவனத்தின் நிர்வாகத் தலைவர் எரிக் சுமிட், மென்பொருளைப் பயன்படுத்தக் கற்பிக்கும் பிரிட்டன் அதனை உருவாக்கக் கற்பிக்கவில்லை எனக் குறைகூறினார். நிரலாளர்களைத் தேடும் நிறுவனம் வேறென்ன கூறும் என்று ஐயுறலாம். ஆயினும், வணிக நோக்கமற்ற இராயல் சொசைட்டி என்னும் அறிவியல் கழகமும் 2012இல் ஏறத்தாழ அதே குறையைச் சுட்டியது.

அரசு பழைய பாடத்திட்டத்தைக் கைவிட்டது. 2014 செப்டம்பர் முதல் இங்கிலாந்தின் பாடத்திட்டத்தில் ஐந்து வயதுக் குழந்தைகளுக்கும் நிரலாக்கம் இடம்பெற்றது. ஆணை விரைந்து வந்தது. ஆசிரியரை உருவாக்குவது அத்துணை எளிதாக இல்லை. 2017இல் அக்கழகம் மீண்டும் ஆராய்ந்தபோது கணினிக் கல்வியின் தரம் பள்ளிக்குப் பள்ளி வேறுபட்டிருந்தது. நிரல் எழுதிப் பழகாத ஆசிரியரே அதனைக் கற்பிக்க வேண்டிய நிலையும் பல வகுப்பறைகளில் நீடித்தது.