உடலும் அரசாணையும்

உசிலம்பட்டி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு பெண் சிசுக்கொலைதான் நினைவுக்கு வருகிறது. 1986இல் 'இந்தியா டுடே' கட்டுரை ஒட்டிவிட்டுப்போன அடையாளம் அது. (வரதட்சணை இந்த ஒரு தாலுகாவில் மட்டும்தான் இருப்பதுபோல!) அதன் பிறகு அரசு செய்தவற்றில் ஒன்றை மட்டும் இன்று எடுத்துக்கொள்வோம்.

1992இல் வந்த தொட்டில் குழந்தைத் திட்டம் எல்லோரும் அறிந்தது. அதே ஆண்டில் தொடங்கியது பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டம். ஒரே பெண் என்றால் 50,000 ரூபாய், இரண்டு பெண்கள் என்றால் ஆளுக்கு 25,000 ரூபாய் என்று 2011 முதல் வைப்புத்தொகை போடுகிறார்கள். விண்ணப்பத்தோடு வருமானச் சான்று, ஆண் வாரிசு இல்லை என்ற சான்று, கூடவே பெற்றோரில் ஒருவர் குடும்பக் கட்டுப்பாடு அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட சான்று.

அந்த 'ஒருவர்' யார்? 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 57.8 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண் கருத்தடை 0.1 விழுக்காடு. எப்போதும் இப்படி இருக்கவில்லை. நெருக்கடி நிலையின்போது, 1976-77இல் சுமார் 80 லட்சம் பேருக்கு அறுவை நடந்தது, பெரும்பாலோர் ஆண்கள். அந்தக் கோபம் ஆட்சியைக் கவிழ்த்த காரணங்களில் ஒன்று. அதற்குப் பின் கத்தி பெண்கள் பக்கம் திரும்பியது.

"யாரையும் கட்டாயப்படுத்தவில்லையே" என்பார்கள். வருமான வரம்புள்ள திட்டம் இது. ஆகவே இந்தச் சான்றை ஏழைப் பெண்ணிடம் மட்டுமே கேட்கிறார்கள். களையெடுத்துக் கூலி வாங்கும் சேரிப் பெண் மகளின் பணத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வர முடியுமா?

அதற்காக அரசு விலகி நிற்கட்டும் என்று நாம் சொல்லவில்லை. கருத்தடை வசதியை அரசே தர வேண்டும் என்ற அம்பேத்கரின் தீர்மானம் 1938 நவம்பரில் பம்பாய் சட்டமன்றத்துக்கு வந்து தோற்றது. பெண் விடுதலைக்காகவே பெரியாரும் அதைக் கேட்டார். அவர்கள் கேட்டது வசதி, நிபந்தனை அல்ல.

1994ஆம் ஆண்டின் பாலினத் தேர்வுத் தடைச் சட்டத்தைப் பாருங்கள். கர்ப்பிணி ஸ்கேன் செய்து பாலினம் அறிந்தால், கணவரோ உறவினரோ கட்டாயப்படுத்தியே அவர் வந்தார் என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். வீட்டுக்குள் பெண் சொல்லும் 'சரி' அவளுடையதாக இல்லாமல் போகலாம் என்று சட்டத்துக்கே தெரிந்திருக்கிறது. வைப்புத்தொகை விண்ணப்பத்துக்கு மட்டும் அது தெரியவில்லை.

2014இல் பிலாஸ்பூர் முகாமில் அறுவைக்குப் பின் 13 பெண்கள் இறந்தார்கள். 2016இல் தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், விளைவுகளை அவரவர் மொழியில் விளக்கிய பிறகே ஒப்புதல் பெற வேண்டும், முகாம்களை மூன்றாண்டுக்குள் நிறுத்த வேண்டும் என்றது. கிராமத்தில் விண்ணப்பம் எழுதிக்கொடுக்கும் மாணவர்கள் இதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். காப்பர்-டி, மாத்திரை, ஆணுக்கான வாசக்டமி பற்றி அந்த அக்காவிடம் யாராவது சொன்னார்களா என்று கேளுங்கள். அறுவைச் சான்று என்ற நிபந்தனையை நீக்கச் சொல்லி சமூகநலத் துறைக்கு மனு கொடுப்போம்.