சொல்லச் சொல்லத் தணியும் அச்சம்: மனவடுவுக்குப் பேச்சுவழிச் சிகிச்சை

போர், குண்டுவெடிப்பு, ஆழிப்பேரலை, சாலை விபத்து, பாலியல் வன்முறை போன்ற பேரதிர்ச்சிகளுக்குப் பின் அச்சமும் தூக்கமின்மையும் தோன்றுவது இயல்பு. பெரும்பாலோருக்கு அவை தாமாகவே தணிந்துவிடுகின்றன. நடந்தது மீண்டும் கண்முன் நிகழ்வதுபோன்ற உணர்வும், கொடுங்கனவும், அதை நினைவூட்டும் இடத்தையும் பேச்சையும் தவிர்க்கும் போக்கும், சிறு ஓசைக்கும் திடுக்கிடும் பதற்றமும் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்வைக் குலைக்குமானால், அந்நிலை பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்த நோய் எனப்படும். அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1980இல் தன் நோய்ப்பட்டியலில் சேர்த்த இந்நோய்க்குக் காரணமான உளக்காயத்தை ஈழத்து உளமருத்துவ எழுத்துகள் மனவடு என்று குறிப்பிடுகின்றன.

இந்நோயில் அதிர்ச்சியின் காட்சி, ஓசை, மணம், உடல்நடுக்கம் ஆகியவை மிகுந்த வலிமையோடு பதிந்திருக்க, அது எப்போது, எங்கே, எதற்குப் பின் நடந்தது என்ற சூழல் மட்டும் சிதறிக் கிடப்பதாக ஆய்வாளர்கள் விளக்குகின்றனர். முன்னதைச் சூடான நினைவு என்றும், பின்னதைக் குளிர்ந்த நினைவு என்றும் அவர்கள் பிரிப்பர். இரண்டும் இணையாதவரை முடிந்துபோன ஆபத்து இன்னும் தொடர்வதாகவே உடல் எதிர்வினை காட்டுகிறது. நினைவைத் தவிர்ப்பது அந்நேரத்துக்கு ஆறுதல் தந்தாலும், அந்த இணைப்பு நிகழ்வதற்கான வாய்ப்பையே தடுத்துவிடுகிறது.

ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேகி ஷாவர், ஃபிராங்க் நொய்னர், தாமஸ் எல்பர்ட் ஆகியோர் வகுத்த எடுத்துரைப்புச் சிகிச்சை இவ்விடைவெளியை நிரப்ப முயல்கிறது. முதலில் தரையில் ஒரு கயிறு வாழ்க்கைக்கோடாக விரிக்கப்பட்டு, நல்ல நிகழ்வுகளுக்குப் பூவும் துயர நிகழ்வுகளுக்குக் கல்லும் வைக்கப்படுகின்றன. பின்னர் பிறப்பு முதல் வரிசையாகக் கதையைச் சொல்லிவருபவர் ஒரு கல்லை நெருங்கும்போது, சிகிச்சையாளர் வேகத்தைக் குறைத்து, அப்போது கண்டது, கேட்டது, எண்ணியது, உடலில் உணர்ந்தது ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டு, அச்சம் ஏறித் தணியும்வரை உடனிருக்கிறார். எழுதிவைத்த கதை அடுத்த அமர்வில் வாசிக்கப்பட்டுத் திருத்தப்படுகிறது. முழுமையடைந்ததும் அது சொன்னவரிடமே ஒப்படைக்கப்படுகிறது.

மனம்விட்டுப் பேசினாலே போதும் என்ற பொதுநம்பிக்கையிலிருந்து இம்முறை வேறுபடுவதை உகாண்டாவில் தங்கியிருந்த 43 சூடானிய அகதிகளிடம் நடத்தப்பட்டு 2004இல் வெளியான ஆய்வு காட்டியது. ஓராண்டுக்குப் பின்னும் நோய் நீடித்தவர்கள், எடுத்துரைப்புச் சிகிச்சை பெற்றோரில் 29 விழுக்காட்டினர். ஆதரவான பொது ஆலோசனை பெற்றோரிலோ 79 விழுக்காட்டினர்.

இலங்கையில் கிடைத்த முடிவு இச்சித்திரத்தைச் சற்றே மாற்றியது. போரோடு 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையாலும் பாதிக்கப்பட்ட வடகிழக்கின் முகாம் ஒன்றில், 31 சிறுவர்களுள் ஒரு சாராருக்கு எடுத்துரைப்புச் சிகிச்சையும் மறுசாராருக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும், பயிற்சி பெற்ற உள்ளூர் உளவளத்துணையாளர்களால் ஆறு அமர்வுகளில் அளிக்கப்பட்டன. ஆறு மாதங்களுக்குப் பின் முதல் பிரிவில் 81 விழுக்காட்டினரும் இரண்டாம் பிரிவில் 71 விழுக்காட்டினரும் நோயிலிருந்து மீண்டிருந்தனர். இவ்வேறுபாடு புள்ளியியல்படி முக்கியமானதன்று என 2009இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. சிறிய ஆய்வே எனினும், முறையான பயிற்சி இருந்தால் சிகிச்சையை ஊராரே வழங்கலாம் என்பதையும், மீள்வதற்கு வழி ஒன்று மட்டுமன்று என்பதையும் அது ஒருங்கே உணர்த்துகிறது.

தமிழ்நாட்டின் கொங்கு நாட்டுக்கும் இத்தகைய மனவடு தொலைவிலுள்ள செய்தியன்று. ஈரோடு மாவட்டத்திலேயே அரச்சலூரிலும் பவானிசாகரிலும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. 1998 பிப்ரவரி 14 அன்று கோவையில் நிகழ்ந்த தொடர் குண்டுவெடிப்பு 58 உயிர்களைப் பறித்தது. இத்தகைய நிகழ்வுகள் நடந்த உடனேயே, பாதிக்கப்பட்டோரை ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சொல்லவைக்கும் வழக்கத்தைப் பிரிட்டனின் 2018ஆம் ஆண்டு மருத்துவ வழிகாட்டி ஏற்கவில்லை. முதல் நாட்களில் தேவைப்படுவது பாதுகாப்பும், உணவும், உறவினர் துணையும் ஆகும். அறிகுறிகள் ஒரு மாதம் கடந்தும் நீடித்தால், அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவையோ, ஒன்றிய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணையோ நாடலாம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அரசின் மனநலச் சேவையைப் பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக வரையறுத்திருப்பதால், அவ்வுதவியைக் கேட்பதில் தயக்கத்துக்கு இடமில்லை.