காலத்தைத் திருப்ப முடியுமா?
(தொலைக்காட்சி அறிவியல் புனைகதைகளில் காலமுரணும் பேராற்றல் மாந்தரும்)

முன்னுரை

ஓசூரைக் காலம் செய்யும் ஊர் என்றால் மிகையாகாது. டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் இணைந்து 1984இல் தொடங்கிய டைட்டன் நிறுவனத்தின் கடிகாரத் தொழிற்சாலை இவ்வூர்ச் சிப்காட் வளாகத்தில்தான் அமைந்தது. டைட்டன் என்பதோ கிரேக்கத் தொன்மத்தில் தேவர்களுக்கு முற்பட்ட பேருருவினரின் பெயர். காலமும் பேராற்றலும் ஒரு பெயரில் இணைந்த ஊரில் வாழும் நாம், அவ்விரண்டையும் பாடுபொருளாகக் கொண்ட கதைகளை ஆராய்வது பொருத்தமுடையதே.

இவ்வாய்வுக்கு நம்மைத் தூண்டியவர் நம் மாணவர் ஒருவர். அவர்தம் தந்தையார் ஒரு சிறு பட்டறையில் பிரஸ் இயந்திரம் இயக்கியவர். மகனின் தேர்வுக் கட்டணத்திற்காகப் பகல் ஷிப்டு முடித்து இரவு ஷிப்டும் பார்த்தபோது கண்ணயர்ந்து, வலக்கையில் இரு விரல்களை இழந்தார். சில நாள் கழித்து வகுப்பிற்கு வந்த மாணவர், "ஐயா, டி.வி. தொடர்களில் காட்டுவதுபோல அந்த இரவுக்குத் திரும்பிப் போய் அப்பாவைத் தடுக்க முடியாதா?" என்று வினவினார். நகைத்து ஒதுக்கத்தக்க வினாவன்று அது.

காலமுரண் யாது?

காலத்தில் முன்னோக்கிச் செல்வதில் முரண் ஏதுமில்லை. குகைவாசிகளின் வரலாறு நாம் அறிந்ததே. முந்நூற்றொன்பது ஆண்டுகள் உறங்கி எழுந்தவர்கள், ஒரு நாளோ அதில் ஒரு பகுதியோ கழிந்ததாகவே எண்ணினர். வெள்ளிக்காசு கொடுத்துத் தம்முள் ஒருவரை உணவு வாங்க அனுப்பினர். உலகம் மாறியிருந்ததேயன்றி, நடந்தது எதுவும் அழியவில்லை. விரைந்து செல்லும் கடிகாரம் மெதுவாக ஓடும் என்று ஐன்ஸ்டைன் 1905இல் கூறினார். 1971இல் அணுக்கடிகாரங்களை விமானத்தில் ஏற்றி உலகைச் சுற்றி வந்து, இயக்கமும் உயரமும் கடிகாரத்தின் போக்கை மாற்றுவதை அறிஞர்கள் அளந்து காட்டினர்.

பின்னோக்கிச் செல்லும்போதுதான் சிக்கல் எழுகின்றது. மாணவர் கேட்டதையே எடுத்துக்கொள்வோம். மகன் அவ்விரவுக்குச் சென்று தந்தையைத் தடுக்கிறார், விபத்து நிகழவில்லை. விபத்து நிகழாதபோது திரும்பிச் செல்லவேண்டிய காரணமும் இல்லை. எனவே அவர் செல்லவில்லை. அவர் செல்லாதபோது தடுத்தவர் யார்? விபத்து நிகழ்ந்தாகவேண்டும். இவ்வாறு காரியம் தன் காரணத்தையே விழுங்கிவிடுவது காலமுரண் எனப்படும்.

கதைகள் காட்டும் வழி

இம்முரணை அமெரிக்கத் தொடரான 'ஸ்டார் டிரெக்' நெஞ்சை உருக்கும் வகையில் கையாண்டது. 1967இல் ஒளிபரப்பான ஒரு பகுதியில், காலத்தின் வாயிலாக நிற்கும் பேராற்றல் ஒன்றின் வழியே மருத்துவர் மெக்காய் 1930களின் நியூயார்க்கிற்குச் சென்றுவிடுகிறார். அங்கே சாலை விபத்தில் இறக்கவேண்டிய ஈடித் கீலர் என்னும் நல்லாளைக் காப்பாற்றுகிறார். அவளது அமைதி இயக்கத்தால் அமெரிக்கா உலகப் போரில் இறங்கத் தாழ்க்கிறது, நாஜி ஜெர்மனி வெல்கிறது, எதிர்காலமே மறைகிறது. பிழையைத் திருத்தப் பின்தொடர்ந்து செல்லும் தலைவர் கிர்க் அவளைக் காதலிக்கிறார். ஆயினும், காப்பாற்ற ஓடும் மருத்துவரைத் தடுத்து நிறுத்தவேண்டியவரும் அவரே.

1993இல் வந்த மற்றொரு பகுதியில் 'கியூ' என்னும் எல்லாம் வல்ல பாத்திரம், இளமையில் செய்த தவற்றைத் திருத்தும் வாய்ப்பைத் தலைவர் பிக்கார்டுக்கு அளிக்கின்றது. கத்திக்குத்தில் முடிந்த சண்டையை அவர் தவிர்க்கிறார். விளைவு, துணிவற்ற கீழ்நிலை அலுவலராகவே முதுமை எய்துகிறார். இறக்க நேரினும் பழைய வாழ்வே வேண்டும் என மன்றாடுகிறார்.

பேராற்றல் மாந்தர்

காலக்கதைகளில் பேராற்றல் மாந்தர் ஏன் தோன்றுகின்றனர்? காலத்தின் கதவைத் திறக்க மனிதனினும் மேம்பட்ட ஒருவர் தேவைப்படுகிறார். ஆனால் எதையும் செய்யவல்லவர் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டால் கதைக்கு வேலையில்லை. ஆகவே நல்ல கதையாசிரியர் அவ்வாற்றலுக்கு எல்லை வகுத்து, முடிவை மனிதனிடமே விட்டுவிடுகிறார்.

நம் நாட்டுத் தொலைக்காட்சியிலும் இதற்குச் சான்றுண்டு. அறிவியல் புனைகதையன்று எனினும், 1988 முதல் 1990 வரை தூர்தர்ஷனில் ஒளிபரப்பான 'மகாபாரத்' தொடரில் காலமே கதைசொல்லியாக வந்தது. அதற்கு வசனம் எழுதியவர் உருது, இந்தி எழுத்தாளர் ராஹி மாசூம் ரஸா. அக்காலம் முக்காலமும் அறியும். ஒரு நிகழ்ச்சியையும் மாற்றாது.

தமிழில் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' வேறொரு கோணம் காட்டுகின்றது. ஆனந்த விகடனில் தொடராக வந்து தூர்தர்ஷனிலும் ஒளிபரப்பான இக்கதையில், மக்கள் தொழும் தலைவனாகிய ஜீவா ஊனும் உயிருமுள்ள மனிதனே அல்லன். ஒளியால் உருவாக்கப்பட்ட பிம்பம். கருவியால் படைக்கப்பட்ட போலிப் பேராற்றலுக்கு ஒரு நாடே பணிவதை அக்கதை எள்ளி நகையாடுகின்றது. இத்தகைய தொடர்கள் நம்பிக்கையைக் குலைக்குமோ எனப் பெரியோர் சிலர் ஐயுறுவதுண்டு. இவை இறைமையை ஆராயவில்லை; இறைவனாக முயலும் மனிதச் செருக்கையே ஆராய்கின்றன என்பது நம் கருத்து.

முடிவுரை

மாணவரிடம் நாம் இவற்றையெல்லாம் எடுத்துரைத்தோம். ஆனால் ஒன்றைமட்டும் தவிர்த்தோம். பிக்கார்டுக்கு நேர்ந்ததுபோல் அவர் தந்தையின் இழப்பும் நன்மைக்கே என்று நாம் சொல்லவில்லை. அவ்வாறு சொல்ல எவருக்கும் உரிமையில்லை. நடந்த இரவு நடந்ததுதான். அதை அழிக்க முடிந்தால், மகனுக்காகத் தந்தை விழித்திருந்ததும் அதனோடு அழிந்துபோகும்.

எனினும், இன்று நாம் செய்வது நாளைக்கு இறந்தகாலம் ஆகும். அதை இன்றே திருத்தலாம். இரு கைகளாலும் ஒருசேர அழுத்தினாலன்றி இறங்காத பொத்தான்கள் பிரஸ் இயந்திரங்களுக்கு உண்டு. இரு கைகளும் பொத்தான்மேல் இருக்கையில் எந்த விரலும் அச்சினடியில் சிக்காது. அம்மாணவர் அப்பட்டறை உரிமையாளரை மும்முறை சென்று கண்டு, அப்பொத்தான்களைப் பொருத்தச் செய்தார். இன்று அவ்வியந்திரத்தில் வேறொருவரின் தந்தை இரவு ஷிப்டு பார்க்கிறார்.